ஒரு பொய்யன் சொன்ன உண்மை

சில படங்களை முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரும். இரண்டாம் தடவை பார்த்தால் வயிற்றை ஏதோ பிசையும். ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கி 2009-ல் வந்த 'தி இன்ஃபார்மன்ட்!' எனக்கு அப்படி ஒரு படம். தலைப்பில் இருக்கும் ஆச்சரியக்குறி நான் போட்டதில்லை, அவர்களே போட்டது. நடப்பதெல்லாம் கோர்ட், கேஸ், ஜெயில் சமாச்சாரம். ஆனால் மார்வின் ஹாம்லிஷின் பின்னணி இசை ஏதோ கல்யாண வீட்டு காமெடி மாதிரி துள்ளிக்கொண்டு போகும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மறுபடியும் போட்டுப் பார்த்தோம். முக்கால்வாசிப் படம் ஓடியதும் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இந்த ஆளு நல்லவனா, கெட்டவனா?"

'நாயகன்' படத்தில் பேரன் தாத்தாவிடம் கேட்கும் அதே கேள்விதான். அந்தத் தாத்தா மாதிரியே எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து யோசித்ததைத்தான் எழுதுகிறேன். இது உண்மைக்கதை என்பதால் படத்தைவிட நிஜத்தில் நடந்ததுதான் அதிகம் வரும். கதை தெரியாமல் படம் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் லைசின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் இந்தக் கதையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதே புரியாது.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணை இல்லாத சொந்தக்காரர் குறைவு. என் சித்தப்பாவும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். சின்ன வயதில் தீவனம் கலக்கும் இடத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், சுண்ணாம்புக் கல், அப்புறம் கடைசியாகப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போடும் பொடிகள். அந்தப் பொடிகளில் ஒன்றுதான் லைசின். அது ஒரு அமினோ அமிலம். கோழியும் பன்றியும் சதை பிடிக்க அது அவசியம், ஆனால் அவற்றின் உடம்பு அதைத் தானாகத் தயாரிக்காது. மக்காச்சோளத்தில் அது குறைச்சல். சோயாவில் உண்டு. ஆகவே ஒன்று விலை கூடிய சோயாவை அதிகம் போட வேண்டும், இல்லையென்றால் சோளத்தோடு லைசின் பொடியைக் கலக்க வேண்டும். தீவனக் கணக்கில் கிலோவுக்குச் சில பைசா வித்தியாசம்தான். ஆனால் லட்சக்கணக்கான கோழிகளுக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பைசாதான் லாபமும் நஷ்டமும்.

இந்தப் பொடியைத் தயாரிப்பது தோசைமாவு புளிக்கிற மாதிரியான வேலை. சோளத்திலிருந்து எடுத்த சர்க்கரையைப் பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவுக்குப் போட்டால், அது தின்றுவிட்டு லைசினை வெளியே விடும். 1990 வரை இந்தத் தொழில் அஜினோமோட்டோ, கியோவா ஹக்கோ என்ற ஜப்பானியக் கம்பெனிகள் கையிலும், தென்கொரியக் கம்பெனி ஒன்றின் கையிலும் இருந்தது.

அங்கேதான் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நுழைகிறது. சுருக்கமாக ஏ.டி.எம். (தமிழில் எழுதினால் பணம் எடுக்கும் மெஷின் மாதிரியே இருக்கிறது. இது எவ்வளவு பொருத்தம் என்று போகப் போகத் தெரியும்.) இல்லினாய் மாநிலத்தில் டெகேட்டர் என்ற ஊரில் அப்போது தலைமையகம். சோளத்தையும் சோயாவையும் வாங்கி அரைத்து, எண்ணெய், மாவு, சர்க்கரைப்பாகு, தீவனம் என்று விற்கும் ராட்சசக் கம்பெனி. தலைவர் ட்வெய்ன் ஆண்ட்ரியாஸ். அமெரிக்க ஜனாதிபதிகளுக்கு வேண்டப்பட்டவர். மகன் மைக்கேல் ஆண்ட்ரியாஸ் துணைத்தலைவர்.

1989-ல் ஏ.டி.எம்.மின் உயிரிப்பொருள் பிரிவுக்குத் தலைவராக வந்து சேர்ந்தவர்தான் நம் கதாநாயகன் மார்க் விட்டாக்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. முப்பத்திரண்டு வயது. படத்தில் மேட் டேமன் இதற்காகவே எடை கூட்டி, மீசை வைத்து, பக்கத்து வீட்டு அப்பாவி அங்கிள் மாதிரி வருவார்.

1991-ல் ஏ.டி.எம். பிரமாண்டமான தொழிற்சாலையில் லைசின் தயாரிக்க ஆரம்பித்ததும் விலை மடமடவென்று சரிந்து, ஒரு கட்டத்தில் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. பண்ணைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தயாரிப்பாளர்களுக்கு நஷ்டம். பழைய கம்பெனிகளும் புதிய கம்பெனியும் 1992 ஜூனில் மெக்சிகோ சிட்டியில் சந்தித்தார்கள். சண்டை போட அல்ல. விலையை எல்லோரும் சேர்ந்து ஏற்றலாம் என்று பேசிக்கொள்ள.

நம் ஊரில் 'சிண்டிகேட்' என்று சொல்வோமே, அதுதான். பேப்பரில் இதற்குப் பெயர் கார்ட்டெல். அமெரிக்காவில் 1890-லேயே இதைக் குற்றம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, எஃப்.பி.ஐ. இதில் எப்படி வந்தது? அதுதான் வேடிக்கை. அவர்களைக் கூப்பிட்டதே ஏ.டி.எம்.தான்.

தொட்டிகளில் கிருமித் தொற்று வந்து, 1992-ல் உற்பத்தி அடிக்கடி கெட்டுப்போனது. மேலிடம் விட்டாக்கரை நெருக்கியது. அவர் ஒரு கதை சொன்னார். போட்டிக் கம்பெனியின் ஜப்பானியர் ஒருவர் போன் செய்தாராம். உங்கள் தொழிற்சாலைக்குள் எங்கள் கையாள் இருக்கிறான், அவன்தான் கிருமியைக் கலக்கிறான், 1 கோடி டாலர் கொடுத்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கிறேன் என்றாராம். ட்வெய்ன் ஆண்ட்ரியாஸ் பதறிப்போய் எஃப்.பி.ஐ.க்குச் சொல்லிவிட்டார். அந்தக் கதை முழுப்பொய்.

டெகேட்டரில் இருந்த எஃப்.பி.ஐ. அதிகாரி பிரையன் ஷெப்பர்ட், மிரட்டல் போன் வந்தால் பதிவு செய்ய விட்டாக்கர் வீட்டுக்கு வந்தார். வீட்டில் விட்டாக்கரின் மனைவி ஜிஞ்சர் இருந்தார். கணவர் கம்பெனியில் என்னவோ தப்பு நடக்கிறது, அது அவரை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நானே சொல்லிவிடுவேன் என்று அந்த அம்மா பிடிவாதமாக நின்றார். 1992 நவம்பரில் ஒரு ராத்திரி ஷெப்பர்டின் காரில் உட்கார்ந்து, மிரட்டலுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு விஷயத்தை விட்டாக்கர் கொட்டினார். உலகம் முழுக்க லைசின் விலையை நாங்கள் கூடிப் பேசித்தான் வைக்கிறோம் என்று.

அந்த விஷயம் முழு உண்மை.

அதற்கப்புறம் இரண்டரை வருடத்துக்கும் மேல் விட்டாக்கர் எஃப்.பி.ஐ.யின் ஆள். உடம்பில் ரெக்கார்டர், பெட்டியில் ரெக்கார்டர். ஒவ்வொரு நாளும் ஆபீசுக்குப் போய், தன்னை நம்பிய முதலாளிகளோடு சாப்பிட்டு, சிரித்து, எல்லாவற்றையும் பதிவு செய்து ராத்திரி ஏதாவது ஹோட்டல் அறையில் ஷெப்பர்டிடம் கொடுப்பார். இவ்வளவு பெரிய பதவியில் இருந்துகொண்டு, சொந்தக் கம்பெனியை உள்ளிருந்தே பதிவு செய்து கொடுத்தவர் அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் இல்லை என்று சொல்கிறார்கள்.

சந்திப்புகள் டோக்கியோ, பாரிஸ் என்று பல ஊர்களில் நடந்தன. அமெரிக்காவுக்கு வெளியே எஃப்.பி.ஐ. நினைத்தபடி கேமரா வைக்க முடியாது. எனவே எப்படியாவது அவர்களை அமெரிக்க மண்ணுக்கு வரவழைக்க வேண்டும். ஹவாய்க்கு வாருங்கள், அருமையான கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்று ஆசை காட்டினார் விட்டாக்கர். வந்தார்கள். 1994 மார்ச்சில் ஹவாய் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, யார் எத்தனை ஆயிரம் டன் விற்பது என்று பங்கு பிரித்தார்கள். எதிரே மேஜையில் ஒரு விளக்கு. விளக்குக்குள் கேமரா.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1995 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள், சில நாற்காலிகள் காலி. இது யாருக்கு என்று பேச்சு வருகிறது. ஒன்று நம்மிடம் சரக்கு வாங்கும் பெரிய கோழிக் கம்பெனிக்கு, இன்னொன்று எஃப்.பி.ஐ.க்கு என்று ஜோக் அடிக்கிறார்கள். அறையே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பையும் சேர்த்து எஃப்.பி.ஐ. படம்பிடித்துக்கொண்டிருக்கிறது! பிற்பாடு அமெரிக்க நீதித்துறை அதிகாரிகள், ஒரு சிண்டிகேட் எப்படி வேலை செய்கிறது என்று வழக்கறிஞர்களுக்கு விளக்க இந்த டேப்களைத்தான் போட்டுக் காட்டினார்கள். தொழில்துறை சங்கக் கூட்டம் என்று ஒரு போலிக் காரணம், அதற்குப் போலியாக ஒரு நிகழ்ச்சி நிரல், உள்ளே விலைப் பேச்சு. எல்லாம் அதில் இருக்கிறது.

1995 ஜூன் 27 அன்று ராத்திரி எஃப்.பி.ஐ. ஏ.டி.எம். தலைமையகத்துக்குள் நுழைந்தது. படம் இங்கே முடிந்திருந்தால் விட்டாக்கர் ஹீரோ. நேர்மையான விஞ்ஞானி ராட்சசக் கம்பெனியை வீழ்த்தினார் என்று பாடப்புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள்.

நடந்தது வேறு.

ரெய்டு முடிந்ததும் கம்பெனி ஏற்பாடு செய்த வழக்கறிஞரிடமே விட்டாக்கர் நான்தான் உளவு சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். விஷயம் கம்பெனிக்குப் போய்விட்டது. உயர் அதிகாரிகள் எல்லோரும் ஜெயிலுக்குப் போனதும், மிச்சமிருக்கும் தன்னைத்தான் கம்பெனி தலைவராக்கும் என்று அவர் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தாராம். படத்தில் அவர் இதைச் சொல்லும்போது எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவரைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது, அதற்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஏ.டி.எம். தன் கணக்குப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தது. 1995 ஆகஸ்டில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இந்த ஆள் எங்களிடம் 25 லட்சம் டாலர் திருடியிருக்கிறார். கொஞ்ச நாளில் அந்தத் தொகை ஏறியது. கடைசியில் 90 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 30 கோடி ரூபாய்.

முறை ரொம்ப எளிது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தொழில்நுட்பம் கொடுத்ததாக ஒரு இன்வாய்ஸ் வரும். விட்டாக்கர் கையெழுத்துப் போட்டு பாஸ் செய்வார். பணம் சுற்றிச் சுற்றி சுவிட்சர்லாந்திலும் கேமன் தீவுகளிலும் இருந்த அவருடைய கணக்குக்கே போகும். அவருக்கு அந்தக் கம்பெனி நிஜமாகவே ஏ.டி.எம்.தான். நான் இருபது வருடத்துக்கு மேலாக ஆடிட்டில் குப்பை கொட்டுகிறேன். பல கோடி ரூபாய் மோசடிகளுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் இதே மாதிரி ஒரு சாதாரணக் காகிதம்தான். பில் வந்தது, கையெழுத்து இருந்தது, பணம் போனது.

இதில் தலைசுற்ற வைப்பது, இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது என்பதுதான். உடம்பில் எஃப்.பி.ஐ. ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு போன காலத்திலேயே திருடவும் செய்திருக்கிறார். எந்தக் குற்றத்திலும் ஈடுபடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பது எஃப்.பி.ஐ.யோடு அவர் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அது கிழிந்தது. அதோடு அவருக்கிருந்த சட்டப் பாதுகாப்பும் போனது.

நியூயார்க் டைம்ஸ் நிருபர் கர்ட் ஐக்கன்வால்ட் 2000-ல் இந்த வழக்கைப் பற்றி எழுதிய புத்தகம்தான் படத்துக்கு மூலம். அதில் வரும் ஒரு தகவல் கதையையே இன்னொரு பக்கம் திருப்பிவிடுகிறது. விட்டாக்கர் நைஜீரிய மோசடி ஒன்றில் மாட்டிப் பணத்தை இழந்திருக்கிறார். நமக்கெல்லாம் ஈமெயிலில் வருமே, கோடிக்கணக்கான டாலர் முடங்கிக் கிடக்கிறது, முன்பணம் கட்டினால் உங்களுக்கும் பங்கு என்று, அதேதான். நைஜீரியக் குற்றச்சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் 419. நம்ம ஊர் 420-க்கு ஒன்று குறைச்சல். (2024 ஜூலையில் நம் 420-ஐயும் மாற்றி புதிய சட்டத்தில் 318 ஆக்கிவிட்டார்கள். ஆனால் யாரையாவது "அவன் ஒரு 318" என்று திட்டினால் எடுபடுமா சொல்லுங்கள்.) கார்னெல் பி.எச்.டி., உலகச் சந்தையின் விலையை நிர்ணயிக்கும் மேஜையில் உட்கார்ந்தவர், எஃப்.பி.ஐ.க்கே கதை சொன்னவர், கடைசியில் முன்பணம் கட்டி ஏமாந்திருக்கிறார்.

மோசடிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'கான் மேன்' என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ப்சன் என்று ஒருவன் இருந்தான். டீசன்டாக உடுத்திக்கொண்டு தெருவில் போகிறவர்களிடம் பழகியவன் மாதிரி பேசுவான். என் மேல் நம்பிக்கை வைத்து உங்கள் கடிகாரத்தை நாளை வரை என்னிடம் கொடுப்பீர்களா என்று கேட்பான். கொடுத்தார்கள்! அவனுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'கான்ஃபிடன்ஸ் மேன்', அதாவது நம்பிக்கை மனிதன். அதன் சுருக்கம்தான் கான் மேன். மற்றவர் நம்பிக்கையை முதலாகப் போட்டுத் தொழில் செய்கிறவன் என்று அர்த்தம். தாம்ப்சனுக்குத் தான் பொய் சொல்வது தெரியும். விட்டாக்கர் விஷயத்தில் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மா அப்பா இருவரும் உயிரோடு இருக்கும்போதே, சின்ன வயதில் விபத்தில் அவர்களை இழந்து தத்துப்பிள்ளையாக வளர்ந்தவன் என்று மற்றவர்களிடம் சொல்லி வந்திருக்கிறார்.

அவருக்கு இருதுருவ மனநோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். உச்சியில் இருக்கும்போது தூக்கமில்லாத உற்சாகம், உலகத்தையே ஆளலாம் என்ற நினைப்பு. இறங்கும்போது பாதாளம். திருட்டு வெளியான அந்த ஆகஸ்டில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பிறகு தன்னோடு இத்தனை வருடம் நின்ற ஷெப்பர்ட் மீதே பழி சுமத்தினார். டேப்களை அழிக்கச் சொன்னார் என்றார். அதுவும் பொய் என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

படம் இந்த நோயைக் காட்டும் விதம் புத்திசாலித்தனமானது. முக்கியமான பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது விட்டாக்கரின் மனக்குரல் எங்கோ போய்விடும். பனிக்கரடி வேட்டையாடும்போது கறுப்பு மூக்கை மறைத்துக்கொள்ளுமாமே என்கிற மாதிரி ஏதாவது யோசிக்கும். நாம் சிரிப்போம். கொஞ்ச நேரம் கழித்துத்தான், இந்த மனிதன் தன் தலைக்குள்ளிருந்தே வெளியே வர முடியாமல் இருக்கிறான் என்று உறைக்கும்.

இனி தண்டனைக் கணக்கு. ஆடிட்காரன் என்பதால் இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தல் அதிகம்.

1996 அக்டோபரில் ஏ.டி.எம். குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. லைசினுக்கு 7 கோடி, அதே மாதிரி இன்னொரு சிண்டிகேட்டான சிட்ரிக் அமிலத்துக்கு 3 கோடி. இந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை யாரும் கட்டாத தொகை. அஜினோமோட்டோவும் கியோவா ஹக்கோவும் தலா 1 கோடி டாலர் கட்டின.

விட்டாக்கர் மோசடி, வரி ஏய்ப்பு உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டார். 1998-ல் 9 வருட சிறை. அதே வருடம் செப்டம்பரில் சிகாகோவில் மைக்கேல் ஆண்ட்ரியாஸ், டெரன்ஸ் வில்சன் என்ற இன்னொரு உயரதிகாரி, இவர்களோடு விட்டாக்கர் ஆகிய மூவரும் விலைக் கூட்டுச்சதியில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1999-ல் ஆண்ட்ரியாசுக்கும் வில்சனுக்கும் 2 வருடம். மேல்முறையீட்டில் அது கூடி, ஆண்ட்ரியாசுக்கு 3 வருடம், வில்சனுக்கு 33 மாதம் ஆனது. எந்தச் சதியைக் காட்டிக்கொடுத்தாரோ அதே சதிக்காக விட்டாக்கருக்குத் தனியாக 30 மாதம், அதில் 20 மாதம் ஏற்கெனவே இருந்த 9 வருடத்துக்கு மேலே சேர்ந்தது.

கூட்டிப் பாருங்கள். காட்டிக்கொடுத்தவருக்குப் பத்தரை வருடத்துக்கும் மேல். காட்டிக்கொடுக்கப்பட்டவருக்கு மூன்று வருடம்.

இதற்கு நீதிபதிகளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அப்போதைய சட்டப்படி விலைக் கூட்டுச்சதிக்கு அதிகபட்ச சிறையே 3 வருடம்தான். (2004-ல்தான் 10 வருடமாக ஆக்கினார்கள்.) ஊழியன் கம்பெனியின் பணத்தை எடுத்தால் 9 வருடம். கம்பெனிகள் கூடிப் பேசி உலகத்துப் பண்ணைக்காரர்களின் பணத்தை எடுத்தால் 3 வருடம். சட்டப் புத்தகம் யார் திருட்டைப் பெரிய திருட்டாக நினைத்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இத்தனைக்கும் இந்த ஆள் திறந்துவிட்ட கதவு சின்னதில்லை. லைசின் டேப்களிலிருந்து சிட்ரிக் அமில வழக்கு. அங்கே நூல் பிடித்து வைட்டமின் சிண்டிகேட். 1999-ல் ஹாஃப்மன் லா ரோஷ் 50 கோடி டாலரும், பி.ஏ.எஸ்.எஃப். 22.5 கோடி டாலரும் அபராதம் கட்டின. உலகம் முழுக்க விலைச் சதிகளைப் பிடிக்கும் வேகமே அதற்குப் பிறகுதான் கூடியது. நம் நாட்டில் போட்டிச் சட்டம் 2002-ல் வந்து, 2009-ல்தான் ஆணையம் இதை விசாரிக்க ஆரம்பித்தது. 2012-ல் 11 சிமென்ட் கம்பெனிகள் மீது சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்து, மேல்முறையீடு, மறுவிசாரணை என்று அது பல வருடம் இழுத்தது. ஊரில் வீடு கட்டியவர்களுக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும். நம் சட்டத்திலும், உள்ளே இருந்து முதலில் வந்து சொல்லும் கம்பெனிக்கு அபராதத்தில் சலுகை உண்டு. காரணம் எளிது. மூடிய அறையில் நடப்பதை, அறைக்குள் இருந்தவன் சொன்னால்தான் உண்டு. அறைக்குள் இருந்தவன் சுத்தமானவனாக இருக்க வாய்ப்பு குறைவு.

இப்போது என் கதை. சின்னதுதான்.

2000-களின் ஆரம்பத்தில், புனேவுக்கு வந்த புதிதில், ஒரு கம்பெனியில் உள் தணிக்கைப் பிரிவில் இருந்தேன். ஒரு பர்சேஸ் ஃபைல் வந்தது. விதிப்படி மூன்று கொட்டேஷன். மூன்று வெவ்வேறு ஊர்க் கம்பெனிகள், மூன்று லெட்டர்ஹெட், மூன்று விலை. ஆனால் 'டெலிவரி' என்ற வார்த்தையில் மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே இடத்தில் ஒரே கமா விட்டுப்போயிருந்தது. ஒரே ஆள் ஒரே கம்ப்யூட்டரில் அடித்தது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும் என்பது விதி, மூன்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். அப்புறம் என்ன என்றார்.

அப்போது பெண்ணுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்கு பதினொரு மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்து கையில் பணமில்லை. இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். இந்த வேலை போனால் மறுபடி ரயிலேறி ராசிபுரம் போக வேண்டும் என்ற பயம். ஃபைல் ஒழுங்காக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனைவியும் ஜிஞ்சர் மாதிரி நின்றிருப்பாளோ என்னவோ. அந்த பயத்தில்தான் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் அந்தக் கம்பெனியில் ஒரு ரூபாய் திருடவில்லை. விட்டாக்கர் 90 லட்சம் டாலர் திருடினார். ஆனால் அவரால் உலகத்துக் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு நல்லது நடந்தது. என்னால் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் டேலி ஆகவில்லை.

இதைச் சொல்லி நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. நம் நாட்டில் சத்யேந்திர துபே இருந்தார். நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர். 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டார். மஞ்சுநாத் சண்முகம் இருந்தார். பெட்ரோல் கலப்படத்தைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி. 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் கொல்லப்பட்டார். அவர் ஊர் கர்நாடகம், வேலை பார்த்தது அங்கே. நம்மைப் போல வேலைக்காக ஊர் விட்டு வந்தவர். இவர்கள் கையில் ஒரு கறையும் இல்லை. இவர்களையும் விட்டாக்கரையும் ஒரே பட்டியலில் வைக்க எனக்கு மனசு வராது. ஆனால் உண்மையைச் சொல்ல வருகிறவன் துபே மாதிரி இருந்தால்தான் கேட்போம் என்றால், ரொம்ப காலம் காத்திருக்க வேண்டும்.

விட்டாக்கர் 2006 டிசம்பரில் வெளியே வந்தார். சிறையிலிருந்த காலம் முழுக்க ஜிஞ்சர் அவரை விடவில்லை, குழந்தைகளோடு சிறை இருக்கும் ஊர்ப்பக்கம் குடிபோனார். வெளியே வந்தபிறகு அவருக்கு வேலையும் கிடைத்தது. அவரால் தலைவலி பட்ட எஃப்.பி.ஐ. அதிகாரிகளிலேயே சிலர் அவருக்கு மன்னிப்பு வழங்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். அத்தனை பொய்க்கு நடுவிலும் டேப்பில் இருந்தது உண்மை என்று அவர்களுக்குத் தெரியும்.

மனைவியின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. படம் முடிந்ததும் அவளே, "பொய் சொல்றவன்தான். ஆனா அந்த ஒரு விசயத்த நெசமாத்தான சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டாயிரம் வார்த்தை எழுதியும் அதற்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அன்று ஒன்றரை வயதாக இருந்த பெண் இப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இரண்டு வாரம் முன்பு போன் செய்தாள். ஆபீசில் ஒரு கணக்கு சரியாகத் தெரியவில்லை, சீனியர் கண்டுகொள்ளாதே என்கிறார், என்ன பண்ணட்டும் அப்பா என்றாள். பேசாமல் இருந்துவிடு கண்ணு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். நீ என்ன பார்த்தாய் என்பதைத் தேதி போட்டு எழுதி வை, சீனியருக்கு மேலே யாரிடம் சொல்ல வேண்டும் என்று கம்பெனி விதியில் இருக்கும், அதைப் படி என்றேன். அதன் பிறகு அந்த எழுத்துப்பிழைக் கதையையும் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் வீட்டில் யாரிடமும் சொல்லாதது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரிப்பா, எழுதி வெக்கிறேன்" என்றாள்.